தக்காளிப் படம் போட்ட பாக்கெட்

போன வாரம் தவளக்குப்பம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் மடியில் தக்காளி சிப்ஸ் பாக்கெட் ஒன்று இருந்தது. மூத்தவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது நான் பேக் பண்றதுதான். எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு மட்டும் வாங்கித் தர மாட்டேன்."

"இன்னாக்கா சொல்றீங்க? எம்பொண்ணு ஸ்கூல் வுட்டதும் இதைத்தான் கேக்குது. அப்படி இன்னா போடுறாங்க?"

"மாவு தெரியும், எண்ணெ தெரியும். மேல தூவுற செவப்புப் பொடிதான் இன்னான்னு தெரியல. பேரே இல்லாத மூட்டையில வருது."

"கவர்ல தக்காளிப் படம் போட்டிருக்கே?"

"நாலு வருஷமா தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போறேன். ஒரு தக்காளிகூட கம்பெனி கேட்டுக்குள்ள வந்து நான் பாத்ததில்ல."

"சூப்பர்வைசரக் கேக்கலாமில்ல?"

"கேட்டேன். 'நீ திங்கவா போற? ஒட்டுற வேலையப் பாரு'ன்னாரு."

இளையவள் பாக்கெட்டைக் கண்ணருகே வைத்து, பின்பக்கத்தில் இருந்த சேர்மானப் பட்டியலைப் படிக்கப் பார்த்தாள்.

"எல்லாம் நம்பரா இருக்குக்கா."

பிறகு அதைப் பைக்குள் போட்டாள். பஸ் நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டியது.

தவளக்குப்பத்தில் இளையவள் இறங்கியதும், யூனிஃபார்மோடு நின்ற சிறுமி ஓடிவந்து பையைப் பிடித்தாள். அம்மா பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னிக்குக் கட மூடியிருந்திச்சிடி. வா, வேர்க்கடல அவிச்சித் தரேன்."

சிறுமி நம்பவில்லை. பஸ் கிளம்பும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.