மூடி கழற்றிய ரம்பம்

பொன்செல்வி: பையப் பேசுங்க அண்ணாச்சி... பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

செந்தில்முருகன்: ரம்பம் வாங்க வந்துட்டு என்னத்தைப் பையப் பேச? ஓட்டிப் பாத்தா தெருவுக்கே கேக்கும்லா.

பொன்செல்வி: ஓட்ட வேற செய்யணுமா?

செந்தில்முருகன்: கத்திரிக்காயையே அமுக்கிப் பாத்துத்தானம்மா வாங்குதோம்.

பொன்செல்வி: கனி அண்ணன் அப்படிச் சொல்லலியே. வருவாவ, தூக்கிட்டுப் போயிருவாவன்னுதான்...

செந்தில்முருகன்: அவரு டீ ஆத்துத மனுஷன். அவருக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? இந்தத் தார்ப்பாயை எடு, பாப்போம்.

பொன்செல்வி: நீங்களே எடுங்க. நான் இங்கன வாசல்லயே நிக்கேன். ஆளு வந்தா தெரியணும்லா.

செந்தில்முருகன்: யாரு வரப் போறா?

பொன்செல்வி: யாரும் வரல. சும்மா சொன்னேன்.

செந்தில்முருகன்: ம்... மடக்குத ஸ்டாண்டா? பரவால்லையே. எங்க வீட்டு மாடியில தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை மாதிரி வச்சிருக்கேன். தபாலாபீஸ் வேலை முடிஞ்சா அங்கனதான் கெடப்பேன். புத்தக அலமாரி, அடுக்களைக்குத் தட்டு, அப்படி ஏதாவது செய்வேன். கைரம்பத்தால அறுத்து அறுத்துத் தோளு விட்டுப் போச்சு.

பொன்செல்வி: பாளையங்கோட்டையில கடைக்கா பஞ்சம்? புதுசே வாங்கலாம்லா.

செந்தில்முருகன்: விக்கவ பேசுத பேச்சா இது?

பொன்செல்வி: கேட்டேன்.

செந்தில்முருகன்: கடை கடையா ஏறி எறங்கிட்டேன். விலை கொறஞ்சதுல பிளேடு நேரா நிக்காம ஆடுது. கட்டையைச் சாத்தி வச்சுத் தள்ளுததுக்கு ஒரு கம்பி இருக்குல்லா, அது முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவு. அப்படி இருந்தா கட்டை நடுவுல இறுகி, நம்ம மேலயே திருப்பி எறிஞ்சிரும். நல்ல மெஷின் விலையைக் கேட்டா தலை சுத்துது.

பொன்செல்வி: திருப்பி எறியுமா?

செந்தில்முருகன்: எறியும். ஏன், மூஞ்சி ஒரு மாதிரி போகுது?

பொன்செல்வி: வெயிலு.

செந்தில்முருகன்: யாரு மெஷினும்மா இது?

பொன்செல்வி: எங்க அண்ணன்து. துபாய்க்குப் போயிட்டாவ.

செந்தில்முருகன்: போய் நாளாச்சோ?

பொன்செல்வி: ஆமா... ரொம்ப நாளாச்சு.

செந்தில்முருகன்: மூலையில சாமி படத்துக்குச் சட்டம் அறுத்துக் கெடக்கே. அறுத்த எடம் இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு.

பொன்செல்வி: அது... அதெல்லாம் பழசு அண்ணாச்சி. உங்களுக்கு மெஷின்தான வேணும்? சட்டத்தை ஏன் பாக்கிய?

செந்தில்முருகன்: சரி, பாக்கல. பிளேடுக்கு மேல மூடி ஒண்ணு இருக்கணுமே. எங்க?

பொன்செல்வி: அட்டைப்பெட்டியில இருக்கு. கழட்டி வச்சிருந்தாவ. சின்னக் கட்டை அறுக்க இடைஞ்சலா இருக்குன்னு.

செந்தில்முருகன்: இதென்ன, பிளேடு நிக்குத மேசை எல்லாம் துருப் பிடிச்சிருக்கு? மழையில நனைஞ்சுதா?

பொன்செல்வி: இல்ல. கழுவினேன்.

செந்தில்முருகன்: கழுவினியா? மோட்டார் உள்ள இருக்க சாமானை யாராவது தண்ணி ஊத்திக் கழுவுவாவளா?

பொன்செல்வி: போகல அண்ணாச்சி. சோப்புப் போட்டேன், புளி போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க அந்த இடுக்குல இருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு.

செந்தில்முருகன்: என்னது?

பொன்செல்வி: ...அழுக்கு.

செந்தில்முருகன்: ...சரி. மோட்டாருக்குத் தண்ணி போச்சான்னு பாத்துருவோம். பிளக்கை மாட்டுதேன். பயமா இருந்தா அங்கன தள்ளி நில்லு.

பொன்செல்வி: அண்ணாச்சி, சட்டைக் கையை மடக்குங்க. வாட்சைக் கழட்டுங்க.

செந்தில்முருகன்: ஒண்ணும் அறுக்கப் போறதில்லம்மா. சும்மா சுத்த விட்டுப் பாக்கப் போறேன்.

பொன்செல்வி: கையை அந்தப் பக்கம் கொண்டு போகாதிய... அண்ணாச்சி, கையை எடுங்க. கிட்டப் போய்க் குனியாதிய. நிப்பாட்டுங்க. போதும், நிப்பாட்டுங்கன்னு சொல்லுதேம்லா...

செந்தில்முருகன்: நிப்பாட்டியாச்சு. இந்தா பாரு, என் கை இங்கன இருக்கு. ரெண்டும் இருக்கு. நீ உக்காரு மொதல்ல.

பொன்செல்வி: நின்னுட்டா?

செந்தில்முருகன்: நின்னுட்டு.

பொன்செல்வி: பிளக்கை உருவுங்க.

செந்தில்முருகன்: உருவிட்டேன். தண்ணி குடி. உன் அண்ணன் துபாய்லதான் இருக்காரா?

பொன்செல்வி: எனக்கு அண்ணனே கெடையாது.

செந்தில்முருகன்: ம்.

பொன்செல்வி: எங்க வீட்டுக்காரவ மெஷின் இது. பலவேசம்னு... முறப்பநாட்டுல சட்டம் போடுதவியன்னு கேட்டா யாரும் சொல்லுவாவ. இப்ப கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவ. அவிய திரும்பி வரதுக்குள்ள இது இங்க இருக்கப்பிடாது.

செந்தில்முருகன்: எந்தக் கை?

பொன்செல்வி: வலது. ரெண்டு விரலு... எடுத்துட்டாவ.

செந்தில்முருகன்: நீ பாத்தியா?

பொன்செல்வி: நான் அடுப்படியில இருந்தேன். மரம் அறுக்க சத்தம் எனக்குப் பழக்கம் அண்ணாச்சி. அது கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு வேலையே ஓடும். அன்னைக்கு நடுவுல சத்தம் மாறுச்சு. கொஞ்ச நேரம்தான். அது மரம் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

செந்தில்முருகன்: சொல்லாண்டாம். விடு.

பொன்செல்வி: ஓடி வந்து பாக்கேன், நின்னுக்கிட்டு இருக்காவ. கையை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிக்காவ. 'ஒண்ணுமில்ல செல்வி, ஒரு துணி எடுத்துட்டு வா'ங்காவ. மெஷினு பாட்டுக்குச் சுத்துது. எனக்கு நிப்பாட்டத் தெரியல. எந்தப் பொத்தான்னு தெரியல. அவிய கீழ விழுந்த பொறவும் அது சுத்திக்கிட்டே இருந்துச்சு.

செந்தில்முருகன்: யாரு நிப்பாட்டினா?

பொன்செல்வி: கனி அண்ணன்தான் ஓடி வந்து வயரைப் பிடிச்சு இழுத்தாவ.

செந்தில்முருகன்: இப்ப எப்படி இருக்காரு?

பொன்செல்வி: அதான் பயமே. சிரிச்சுக்கிட்டேதான் இருக்காவ. இன்னைக்குக் காலையில இட்லியைப் பிட்டு வாயில குடுத்தேன். 'மீதி விரலு எதுக்கு இருக்கு, வார திங்கக்கெழம வேலையை ஆரம்பிச்சிருவேன்'ங்காவ. போன வாரமும் அதேதான் சொன்னாவ. எனக்கு ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான். பகல்ல யாராவது மாவு மில்லைப் போட்டாக் கூட வந்து அவிய கையைப் பிடிச்சுப் பாக்கேன்.

செந்தில்முருகன்: வேண்டாம்னு சொல்லிப் பாத்தியா?

பொன்செல்வி: எப்படிச் சொல்ல? அவிய தைரியமா இருக்காவ. நான் அழுது, அந்தத் தைரியமும் போயிருச்சுன்னா? அதான் கனி அண்ணன்கிட்ட ரகசியமாச் சொன்னேன், யாராவது வந்தா பாருங்கன்னு. களவு போயிட்டுன்னு சொல்லிக்கிடுவேன்.

செந்தில்முருகன்: சரி, தூக்கிருவோம். கனிகிட்ட நீ சொன்ன விலைக்கே எடுத்துக்கிடுதேன்.

பொன்செல்வி: அண்ணாச்சி... உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காவ?

செந்தில்முருகன்: பொண்டாட்டி, ரெண்டு பொம்பளப் பிள்ளைய.

பொன்செல்வி: நீங்க அறுக்கும்போது அவிய எங்க இருப்பாவ?

செந்தில்முருகன்: கீழ. அடுக்களையில.

பொன்செல்வி: மெஷின்ல இருந்து கையை எடுங்க.

செந்தில்முருகன்: என்னம்மா?

பொன்செல்வி: நான் குடுக்கல.

செந்தில்முருகன்: என்னது?

பொன்செல்வி: வேண்டாம் அண்ணாச்சி. நீங்க கெளம்புங்க. என் வீட்டுல இருந்து எடுத்து உங்க வீட்டுல வச்சிட்டு நான் எப்படி உறங்குவேன்? அந்த அக்காவும் சத்தம் மாறுதான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?

செந்தில்முருகன்: நான் மூடியைக் கழட்ட மாட்டேன். சின்னக் கட்டைன்னா தள்ளுததுக்குத் தனியா ஒரு கோலு செஞ்சு வச்சுக்கிடுவேன். விரலு பிளேடு பக்கமே போகாது. இதுலயும் அந்தக் கம்பி சாய்ஞ்சுதான் இருக்கு, அதை நேராக்காம மெஷினை ஓட்டவே மாட்டேன்.

பொன்செல்வி: அவியளும் வாங்கின அன்னைக்கு இதே மாதிரிதான் வரிசையாச் சொன்னாவ.

செந்தில்முருகன்: எனக்கும் பயம் இருக்கும்மா. இப்ப சும்மா சுத்துனதுக்கே ஒரு கையை சுவிட்ச் மேலயேதான் வச்சிருந்தேன். நீ பாக்கல.

பொன்செல்வி: அப்ப ஏன் வாங்குதிய? போங்க. நான் ஆள் வச்சு ஆத்துல போட்டுருதேன்... இல்ல, ஆத்துல பிள்ளைய குதிக்கும். குழி வெட்டிப் பொதைச்சிருதேன்.

செந்தில்முருகன்: தங்கச்சி, நான் சொல்லுததைக் கேளு.

பொன்செல்வி: வண்டிச் சத்தம் கேக்கு... அவியதான். தார்ப்பாயை மூடுங்க, சீக்கிரம் மூடுங்க.

செந்தில்முருகன்: அது பால் வண்டி. அவரு இப்ப வர மாட்டாரு.

பொன்செல்வி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

செந்தில்முருகன்: ...நீ ஸ்டாண்டோட அந்தக் காலைப் பிடி. நான் இந்தப் பக்கம் தூக்குதேன்.

பொன்செல்வி: குடுக்கலன்னு சொல்லுதேம்லா.

செந்தில்முருகன்: இதைத் தூக்காம என்னால போக முடியாதும்மா. வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

பொன்செல்வி: யாருக்கு?

செந்தில்முருகன்: பலவேசத்துக்குத்தான். அவரு ஆஸ்பத்திரிக்கே போகல. கனி கடையில, பெஞ்சுல உக்காந்திருக்காரு. நீ விக்கச் சொன்னதைக் கனி அவருகிட்டச் சொல்லிட்டாரு. கனிகிட்ட நம்பரு வாங்கி என்னைய வரச் சொல்லிப் போன் போட்டதே உன் வீட்டுக்காரருதான். என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுதாரும்மா... 'அவ என்ன சொன்னாலும் விட்டுட்டு வந்துராதிய அண்ணாச்சி. அந்தத் தார்ப்பாய் காத்துல அசைஞ்சாலே கையைப் பின்னால ஒளிச்சுக்கிடுதேன். அவ பயந்துரப்பிடாதேன்னுதான் திங்கக்கெழம, திங்கக்கெழமன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன். உங்க வண்டி அதை ஏத்திக்கிட்டு ரோட்டுல போறதைக் கண்ணால பாத்த பொறவுதான் வீட்டுக்கு வருவேன்'னாரு. உங்கிட்ட மட்டும் சொல்லிரப்பிடாதுன்னும் சொன்னாரு.