கை வழுக்கிப் போற மாதிரி ஒரு லோஷன்

கொஞ்சம் இருங்கம்மா, ஒரே நிமிஷம். அந்த ஸ்கேன் ஜெல்லை அதுக்குள்ள பிதுக்கிடாதீங்க. அதுல என்ன போட்டிருக்காங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. இல்லல்ல, அலர்ஜி எல்லாம் ஒண்ணும் கிடையாது. பயமா? பயம்னு இல்ல... ஆமா, பயம்தான். வெளியில உக்காந்திருந்தப்பவே எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டேன். உங்க காவலாளி கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, போறீங்களா இருக்கீங்களா, ஏசி காத்தெல்லாம் வெளிய போகுதும்மாங்கறாரு. அந்த வெக்கத்துலதான் திரும்பி வந்து உக்காந்தேன்.

கட்டி எத்தனை நாளா இருக்குன்னு கேட்டீங்கல்ல. சொல்றேன். சொல்லத்தானே போறேன். முதல்ல மார்ல வலது பக்கம் பாருங்களேன். அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, அதனாலதான். ரெண்டு பக்கமும் பாக்கத்தானே போறீங்க? அப்போ அங்கேருந்தே ஆரம்பிங்க. அம்மாடி! என்னா சில்லு!

பேசலாம்ல? ஆடாம பேசறேன். பேசாம இருந்தா எழுந்து ஓடிடுவேன், அதான்.

இந்த ஜெல்லு வெறும் தண்ணியைக் கெட்டிப்படுத்துனது, இல்ல? எண்ணெய் துளிகூட இல்ல. மேல பட்டதுமே தெரிஞ்சுடுச்சு. நான் வீட்டுல லோஷன் பண்றவம்மா. விக்கறதுக்கு இல்ல, எங்க வீட்டுக்கு மட்டும். குளிச்சிட்டு வந்து தடவிட்டு அப்படியே விட்டுடணும், கழுவக்கூடாது. தலைமுடிக்கும் அதுதான், உடம்புக்கும் அதுதான்.

ஏன் எல்லாத்துக்கும் ஒண்ணுன்னா, வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. தின்னர் போட்டுக் கை கழுவிக் கழுவி உள்ளங்கையெல்லாம் வெடிச்சுக் கிடக்கும். பொண்ணுக்குச் சுருட்டை முடி, சீப்பு போட்டா சீப்புதான் உடையும். எனக்கு மேலெல்லாம் வறட்சி. நகத்தால கீறினா கோலம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு நிக்கும். ஆளுக்கு ஒரு பாட்டில்னா குளியலறையில கால் வைக்க இடம் இருக்காது. அதான் மூணு பேருக்கும் ஒண்ணு.

அதுலதான் வம்பே. முடிக்கு லேசா வேணும், கைக்குக் கெட்டியா வேணும். முடிக்கு ஏத்த மாதிரி பண்ணினா அவரு, தடவினேனா இல்லையான்னே தெரியலையேங்கறாரு. கைக்கு ஏத்த மாதிரி பண்ணினா அவ, ஏம்மா என் தலையில கோந்தை ஊத்திட்டேங்கறா. நடுவுல ஒரு பதம் பிடிக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு.

பண்றது பெரிய வித்தை இல்ல. ஒரு கிண்ணத்துல காய்ச்சி வடிச்ச தண்ணி, கொஞ்சம் கிளிசரின். இன்னொரு கிண்ணத்துல எண்ணெயும் மெழுகும். எல்லாத்தையும் தராசுல நிறுத்துதான் போடணும், கண்ணளவு ஆகாது. ரெண்டு கிண்ணத்தையும் ஒரே சூட்டுக்குக் கொண்டு வரணும். ஒண்ணு கொதிச்சு ஒண்ணு ஆறிக் கிடந்தா சேராது. கோவிச்சுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கும். சரியா சேத்து அடிச்சா பாலாட்டம் வெளுக்கும். ஆறுற வரைக்கும் கிண்டிக்கிட்டே இருக்கணும். கை பொறுக்கற சூடு வந்தப்புறம் கெட்டுப்போகாம இருக்கறதுக்கு ஒரு மருந்து. அதை மட்டும் விடவே கூடாது. தண்ணி இருக்கற எதுலயும் பூஞ்சை வந்துடும். நம்ம கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா உள்ளுக்குள்ள எப்பவோ பரவி...

வேணாம். அந்தப் பேச்சு வேணாம்.

ஏம்மா, அந்தத் திரையில கறுப்பா ஏதோ தெரியுதே, என்னது அது? சாதாரணம்தானா? நிஜமாவா? உங்க முகத்தைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலையே. முகத்தை இப்படி வச்சுக்கறதுக்குன்னு தனியா பயிற்சி குடுப்பாங்களோ? சரி சரி, டாக்டர்தான் சொல்லணும். தெரியும். நான் சும்மா கேட்டேன்.

எத்தனை நாளான்னுதானே? அதுக்குத்தான் வர்றேன்.

மெழுகுல ரெண்டு வச்சிருப்பேன். ஒண்ணு எண்ணெயையும் தண்ணியையும் பிரியாம சேத்துப் பிடிக்கிறது. இன்னொண்ணு வெறுமனே கெட்டிப்படுத்துறது, அதைச் சிட்டிகைதான் போடணும். ரெண்டும் வெள்ளையா, சில்லு சில்லா, அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். தனித்தனி டப்பாவுலதான் வச்சிருந்தேன். நம்ம மனுஷன் ஒரு நாள் அலமாரியைச் சுத்தம் பண்ணியிருக்காரு. ரெண்டு டப்பாவும் பாதிப் பாதி இருந்துச்சாம். ரெண்டையும் ஒண்ணுல கொட்டிக் குலுக்கி வச்சுட்டாரு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் எப்பவும் போல அந்த டப்பாவுல இருந்து நிறுத்துப் போட்டுக் கிண்டிட்டேன். அப்புறமா கேட்டா, இடம் மிச்சம் பண்ணிக் குடுத்தேனேங்கறாரு, பெருமையா.

வந்தது லோஷனா அது? போஸ்டர் ஒட்டலாம். கொட்டவும் மனசு வரலை. தலைக்கு ஆகாது, மேலுக்காவது ஆகட்டும்னு குளிச்சிட்டு வந்து தடவினேன். கை நகரவே மாட்டேங்குது. வழக்கமா சர்ருனு போயிடுற இடத்துல எல்லாம் அழுத்தி, மெதுவா, இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டியிருந்துச்சு. அக்குள்ல இருந்து இப்படி இறங்கி வந்தேனா, இடது பக்கம், கை நின்னுச்சு.

மெழுகு சரியா உருகாம கட்டி தட்டியிருக்குன்னுதான் முதல்ல நினைச்சேன். விரலால நசுக்கினேன். துண்டை எடுத்து அழுத்தித் துடைச்சேன். மெழுகா இருந்தா தோலுக்கு மேல இருக்கணும்ல? இது தோலுக்கு அடியில இருந்துச்சு.

யாருக்கும் சொல்லலைம்மா. யாருகிட்ட சொல்றது? சொல்லிட்டா அது நெசமாயிடும்னு ஒரு பயம். அந்தக் கோவத்தை எல்லாம் அவரு மேல கொட்டினேன். ஏன் டப்பாவைக் கலந்தீங்க, ஏன் கலந்தீங்கன்னு உக்காந்து அழுதேன். பாவம், மனுஷனுக்கு ஒண்ணும் புரியலை. ஒரு டப்பா மெழுகுக்காடி இந்த அழுகைன்னு கடைக்கு ஓடிப்போய் ரெண்டும் புதுசா வாங்கிட்டு வந்து, ஒண்ணுல சிவப்பு பெயிண்ட், ஒண்ணுல பச்சை பெயிண்ட் பூசிக் குடுத்தாரு. அதைப் பாத்து இன்னும் அழுதேன். இப்பவும் நான் என் தங்கச்சி வீட்டுல இருக்கறதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்காரு.

என்ன, அந்தப் பக்கம் முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? இன்னொரு தடவை பாத்துடுங்களேன், ஏதாவது விட்டுப் போயிருக்கப் போகுது. இல்லையா... சரி. இடது கையைத் தலைக்கு மேல தூக்கணுமா? தூக்கறேன். இருங்க. கை வர மாட்டேங்குது. வலி எல்லாம் இல்லம்மா, பயந்துபோய் மடங்கிக் கிடக்குது, அவ்ளோதான்.

சொல்லிடறேன். கட்டி கையில பட்டது போன வருஷ மழைக்கு முன்னாடி. அந்த மழையும் முடிஞ்சு, வெயிலும் முடிஞ்சு, இந்த மழையும் வந்துட்டுப் போயிடுச்சு. அப்படிப் பாக்காதீங்கம்மா. இப்பத்தான் உங்க முகத்துல ஏதோ மாறுது. திட்டறதா இருந்தா எல்லாம் முடிஞ்சப்புறம் திட்டுங்க, கேட்டுக்கறேன்.

இத்தனை நாளும் சும்மாவும் இருக்கலை. ஒவ்வொரு தடவை கிண்டும்போதும் மெழுகைக் குறைச்சேன், தண்ணியைக் கூட்டினேன். ரெண்டு நாள்ல பிரிஞ்சு நின்னுடும். குலுக்கிட்டுத் தடவுங்கன்னு வீட்டுல சொல்லிட்டேன். பொண்ணு கேக்கறா, என்னம்மா இது, மூடியைத் திறந்தா ஓடுது, நான் பின்னாடியே துரத்த வேண்டியிருக்கேன்னு. முடிக்கு இதுதான்டி நல்லதுன்னேன்.

முடிக்காக இல்லம்மா. கெட்டியா இருந்தா கை நிக்குது. தண்ணியா இருந்தா வழுக்கிட்டே போயிடும், அந்த இடம் வந்ததே தெரியாது.

நேத்து குளிச்சிட்டு வந்து அந்தத் தண்ணியைத்தான் தடவினேன். அதுலயும் கை நின்னுடுச்சு. அதான் வந்தேன்.