நான்காவது கொக்கி

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது, ஐயா. காலுக்கடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் போதும். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. பார்த்த வேலை அப்படி.

எங்கள் தகடு வெட்டும் ஆலையின் வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. ‘விபத்து இல்லாத நாட்கள்’ பக்கத்து மேசைக்காரரின் பொறுப்பு. ‘போதை இல்லாத நாட்கள்’ என்னுடையது. தினமும் காலையில் நாற்பத்திரண்டு பேரையும் கருவியில் ஊதவைத்துவிட்டு, அன்றைய எண்ணைக் கொக்கியில் நானே மாட்டுவேன். இலக்கம் எழுதிய தகரத் துண்டுகளைத் துடைத்து மாட்டும்போது கிடைக்கும் நிம்மதி எனக்கு வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

எனக்கு ‘மோப்பம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாம் பாசத்தில்தான். இருமல் மருந்தைப் பிடுங்கினேன். ஷேவிங் லோஷன் மணத்ததற்காகக் கிளார்க்கைத் திருப்பி அனுப்பினேன். பெயின்டர் மேல் பெயின்ட் வாடை வந்தது, அவரையும் அனுப்பினேன். கதவுகள் ஒரு மாதம் பாதி நிறத்தில் நின்றன, அது வேறு விஷயம். மாத்திரை எதுவானாலும் என் அலமாரியில் ஒப்படைத்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு என் மேசைக்கு வந்து, என் கண்முன்னே விழுங்க வேண்டும். அந்த விதியை எழுதியதும் நான்தான்.

வெட்டு இயந்திரத்தில் நின்றவரை எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். கல்யாணமான மூன்றாம் நாளே வேலைக்கு வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டு பிள்ளைகள் பிறந்தும் போகவில்லை. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டதில் பத்து வருடமாகத் தொல்லை இல்லை. மாதாமாதம் மாத்திரை அட்டையோடு அவர் மனைவி வருவாள்.

“அண்ணே, ஒரு நாள்கூடத் தவறக் கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்.”

தாராளமாக நம்பலாம் என்றேன். டாக்டர் சீட்டைப் படித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஆயிரமாவது நாள் நெருங்கியது. பலகையில் இருந்தது மூன்று கொக்கிதான். நான்காவதை நானே சுத்தியலால் அடித்தேன். அன்று முதலாளி வருவார், வெளி ஆய்வுக்கூடம் எல்லோருடைய சிறுநீரையும் சோதிக்கும் என்று முடிவானது. வலிப்பு மாத்திரை சோதனையில் போதை என்று காட்டுமா என ஆய்வுக்கூடப் பெண்ணைக் கேட்டேன்.

“காட்டும் சார். அதனால என்ன? மருந்துப் பேரை இந்தக் கட்டத்துல எழுதிட்டா முடிஞ்சுது.”

முடிந்ததுதான். ஆனால் மற்ற நாற்பத்தோரு தாளிலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்குமே. ஒன்றில் மட்டும் மை. யோசித்துப் பாருங்கள், ஐயா, அது எவ்வளவு உறுத்தும். அந்த மருந்து உடம்பை விட்டுப் போக எத்தனை நாளாகும் என்று கேட்டேன். மூன்று வாரம் என்றாள்.

மூன்று வாரமும் சத்து மாத்திரை கொடுத்தேன். அளவும் நிறமும் அச்சு அசல் அதேதான். நல்ல மாத்திரை, நானே சாப்பிடுவது. ஞாயிற்றுக்கிழமைக்கும் மறக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

“என்ன சார், மாத்திரை புளிக்குது?”

“புதுக் கம்பெனி,” என்றேன்.

சிரித்துக்கொண்டே விழுங்கினார். கடைசி வாரம் ஒருநாள் டீ டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. கை இரண்டு முறை வெட்டி இழுத்ததைப் பார்த்தேன். உடனே தரையைத் துடைக்கச் சொன்னேன். யாராவது வழுக்கி விழுந்துவிடக் கூடாது.

ஆயிரமாவது நாள் காலை பத்து மணிக்கு மாதிரி எடுத்தார்கள். பதினொன்றுக்கு நான் நான்காவது கொக்கியில் தகரத்தை மாட்டினேன். வேலை நிற்கக் கூடாது என்று இயந்திரக்காரர்கள் உள்ளேயே இருந்தார்கள். முதலாளி கைதட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு சத்தம் மாறியது. வலிப்பு வந்து மாப்பிள்ளை இயந்திரத்தின் மேல் விழுந்திருந்தார். நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பக்கத்து மேசைக்காரர் அழுதுகொண்டே தன் பலகையில் பூஜ்யத்தை மாட்டினார். பாவம், நல்ல மனிதர். மறுநாள் ஆய்வுக்கூட முடிவு வந்தது. நாற்பத்திரண்டும் சுத்தம். அதை மாப்பிள்ளையின் மனைவியிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். ஒரு ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான்.

“தினமும் மாத்திரை குடுத்தீங்கதானே அண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஆமாம், மாற்றியது நான்தான். நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்று டாக்டர் சீட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது. தெரிந்துதான் செய்தேன். அவருடைய மாத்திரைகள் இருபத்தொன்றும் உறையில், பெயர் எழுதி, அலமாரியில் அப்படியே இருக்கின்றன. அடுத்தவர் பொருளை நான் தூக்கி எறிவதில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒன்றே ஒன்று, ஐயா. நிதானமில்லாமல் செய்துவிட்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். என் ஆயுளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கருவி இருந்தால் கொண்டுவாருங்கள், ஊதிக் காட்டுகிறேன்.