பக்கத்து வூட்டு ஏப்பம்

...அத்த மொதல்ல நீ கைல புடிம்மா. வாணாம் எனுக்கு. கழட்டிட்டேன் பாரு, இப்பத்தான் மண்டைக்குள்ள நிம்மதியா கீது. இன்னா? வாய அசைக்காத பாப்பா, காது மெஷினு இல்லாம எனுக்கு ஒண்ணியும் காதுல வுழாது. தலைய ஆட்டு, போதும். நான் சொல்லி முடிச்சிடறேன், அப்பால மாட்டி வுடு, நீ சொல்றத கேட்டுக்கறேன்.

இன்னாத்துக்கு கைய கீழ கீழ ஆட்டுற? குந்தணுமா? குந்திகினுதானம்மா கீறேன்!

மெஷினு மேல தப்பு சொல்ல வர்ல. மெஷினு ஏ-ஒன். போன மாசம் என் மவன் வெற்றி இட்டுகினு வந்தானே, நீதான மாட்டி வுட்ட? பரசுராமன். விம்கோ நகர் பக்கம் பாய்லர் ஷாப்புல முப்பத்தோரு வருசம் தகடு அடிச்சேன்னு சொன்னேனே, அந்த பரசுராமன். பதினஞ்சு வருசமா காது சுத்தமா அவுட்டு. ஷோக்கா இருந்தேன். இத்த மாட்டுன மறுநா காலைலேருந்து புடிச்சிது பேஜாரு.

இன்னா பேஜாரா? பக்கத்து வூட்டுக்காரன்!

திருவொத்தியூர்ல எங்க பிளாக்கு. மூணாவது மாடி. மாடில ரெண்டே வூடு. ஒண்ணு எங்களுது, ஒண்ணு வெள்ளத்துரைது. தூத்துக்குடி பக்கத்து ஆளு, மளிகக் கடை வெச்சிக்கிறான். அவனும் அவன் பொண்டாட்டி ஜெயக்கொடியும்தான். எட்டு வருசமா நடுவுல ஒரே செவுரு. தங்கமானவன்னு நெனச்சிகினு இருந்தேன்மா. காது கேக்காத வரைக்கும் எல்லாரும் தங்கம்தான்.

காலைல அஞ்சு மணி. பல்லு வெளக்கறேன். நாக்கு வழிக்கறேன். அப்ப வருது ஒரு சத்தம், 'ஓஓஓஆஆக்க்க்!'னு. எரும கன்னு போடுதோன்னு ஜன்னல தெறந்து பாத்தேன். எரும இல்ல, செவுத்துக்கு அந்தாண்டலேருந்து வருது. வெள்ளத்துரை. ஒரு தபா இல்ல பாப்பா, ஏழெட்டு தபா. அடக்கமா செய்ய மாட்டானா ஒரு மனுசன்?

சரி, நம்ம வெளக்குற நேரம் பாத்து அவனும் வெளக்குறான்னு மறுநா ஆறு மணிக்கு வெளக்குனேன். அவனும் ஆறு மணிக்கு! அதுக்கு மறுநா அஞ்சே முக்கால். கரெக்டா அஞ்சே முக்காலுக்கு 'ஓஓஆக்!' கடுப்பாயி ஒரு நா வெளக்காமயே வுட்டுட்டேன். அன்னிக்கு அவனும் வெளக்கல. கலீஜு புடிச்சவன்!

அதான் பாப்பா, அப்பத்தான் புரிஞ்சிது. சத்தம் போடறது மட்டும் இல்ல. என்னிய மாதிரியே செஞ்சி நக்கல் பண்றான்.

நான் நடந்தா அவன் நடக்கறான். செருப்ப தேச்சி தேச்சி, சரக்கு, சரக்குன்னு. நான் நின்னா நின்னுடறான். இவன மடக்கணும்னு ஒத்தக் கால்ல நொண்டுனேன். அவனும் நொண்டுறான்! இந்த வயசுல ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?

டிவிக்கு வா. எங்க பொட்டி செவுத்தாண்ட கீது. நான் நியூஸு வெச்சா, செவுத்துலேருந்து அதே நியூஸு. காது பிச்சிகினு போவுது. நான் சீரியல் மாத்துனா அவனும் சீரியல். சரி, எனுக்கு சத்தமே வாணாம்னு பொட்டிய ஆஃப் பண்ணேன். சடக்குனு அவனும் ஆஃப் பண்ணிட்டான். செவுத்துல எங்கனா ஓட்ட போட்டு பாக்கறானான்னு காலண்டர எல்லாம் கழட்டிப் பாத்தேன். ஒரு பல்லிதான் இருந்திச்சி.

ஏப்பம் கேக்கணும் நீ! நான் சோறு துன்னுட்டு வுட்டா, அவனும் வுடறான். சரின்னு ஒரு நா துன்னாமயே, திடீர்னு, அவன் ரெடியா இல்லாத நேரம் பாத்து வுட்டேன். அதே செகண்டுல வுட்டான்மா! நாள் பூரா ஏப்பத்த தொண்டைல வெச்சிகினு காத்துகினுகீறான். இவன் எப்ப கடைய பாப்பான்?

இன்னா சிரிக்கற? சிரிக்கல? சரி.

மீஞ்சூர்ல என் மச்சினி வூட்ல விசேசம், போயிருந்தேன். ரயிலு ஏறி அவ்ளோ தூரம் போயி, எலைல குந்தி, ரசம் சோறு துன்னுட்டு, ஏ...ன்னு வுடறேன். பக்கத்துலயே கேக்குது! மீஞ்சூர்ல அவனுக்கு சொந்தக்காரன் எவனோ கீறான் பாப்பா. சொல்லி வெச்சிக்கிறான்.

நேராவே கேட்டுட்டேன். கதவத் தட்டி, "இன்னா வெள்ளத்துரை, இன்னாத்துக்கு என்னிய நக்கல் பண்ற?"ன்னேன். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய? நாங்க வாயத் தொறந்தே நாளாச்சே"ன்றான். எப்டி சொல்றான்ற? கொசு மாதிரி. மெஷினு போட்டுகினு குனிஞ்சி கேட்டும் பாதிதான் வுழுந்துச்சி. எதுக்க நின்னா கொசு, செவுத்துக்கு அந்தாண்ட போனா எரும! எவ்ளோ உசாரு பாரு. அத்தோட பேச்ச வுட்டுட்டேன். எட்டு வருசத்துப் பழக்கம். அவங்க ஊர் கருவாடு வந்தா மொதல் பொட்டலம் எனுக்குத்தான் வரும். போன வாரம் வந்துச்சி, வாங்கல. வாசம் மட்டும் வந்துச்சி.

இரு, மெயினுக்கு வரேன். பெட்டிசன் போட்டுட்டேன்!

எனுக்கு எழுத வராது. ரெண்டாவது மாடி ஹில்டா டீச்சரு, கரெக்டா எங்க வூட்டுக்கு கீழ வூடு, அதுங்கிட்ட போனேன். மூணாவது மாடில ஒரு ஆளு போடற சத்தம் தாங்கல டீச்சர், எழுதுங்கன்னேன். அது பேனாவ எடுத்த வேகத்த பாக்கணும் நீ. நான் சொல்றதுக்கு முன்னாடியே எழுதுது. "செருப்பு சத்தம் போட்டுட்டேன். ஏப்பம் போட்டுட்டேன். போன்ல கத்துறது போடலாமா?"ன்னு அதுவே எடுத்துக் குடுக்குது. நான் போன் மேட்டர மறந்தே போயிட்டேன்மா. வெள்ளத்துரைன்னு பேரு போடு டீச்சர்னேன். "பேரு வேணாங்க. மூணாவது மாடின்னா போதும். யாருன்னு எல்லாருக்கும் தெரியும்"னுச்சி.

வூடு வூடா ஏறி எறங்குனேன். இருவத்திமூணு கையெழுத்து! ஒருத்தன் கூட இன்னா ஏதுன்னு கேக்கல. நாலாவது மாடி சாலமோன் என் கைய புடிச்சிகினான். கண்ணுல தண்ணி. "இப்பவாச்சும் உங்களுக்கு தோணுச்சே நைனா"ன்றான். பாவம், அவன் எவ்ளோ பட்டுக்கிறான் பாரு.

இத்த கேளு. வெள்ளத்துரை வூட்டு கதவு தெறந்து கீது. பயந்துகினு வுட்டுட்டான் பரசுராமன்னு எவனும் சொல்லக் கூடாதுன்னு, நீட்னேன் அவனாண்டயே! படிச்சான். ரெண்டு தபா படிச்சான். என்னிய பாத்தான். என் பேனாவயே வாங்கி போட்டான்மா கையெழுத்து! ஜெயக்கொடியும் போட்டா. "இத நீங்களே கொண்டாந்திய பாருங்க, பெரிய மனசு அண்ணாச்சி"ன்றான். அவன் மேல பெட்டிசன், அவனே போடறான்! எவ்ளோ கொழுப்பு இருக்கணும்?

மொத்த பிளாக்குல ஒரே ஒருத்தி போடல. யாரு? என் பொண்டாட்டி! பட்டம்மா. அதோ, வாசல்ல சேர் போட்டு குந்திகினு மெட்ரோ போறத பாத்துகினுகீறா பாரு. "எனுக்கு ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு முந்தானைய வாய்ல வெச்சிகினா. நாப்பது வருசம் என்கூட குடும்பம் நடத்திட்டு பக்கத்து வூட்டுக்கு சப்போட்டு!

இன்னிக்கு நாலு மணிக்கு மீட்டிங்கு. சங்கத் தலைவரு பாலகணேஷ் சொல்லிட்டாரு, மூணாவது மாடி ஆளு யாருன்னு பேசி முடிவு பண்ணிட்டு, ஒரு மாசத்துல வூட்ட காலி பண்ண வெச்சிடலாம்னு. ஆனா மெஷினு சரியா வேல செய்யுதான்னு கடைல ஒரு தபா காட்டிட்டு வந்துருன்னாரு. அதான் டோல்கேட்ல உன் கடைக்கு வந்தேன். காது கரெக்டா கேக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி சீல் அடிச்சி குடு. அவன் தப்பிக்கவே கூடாது. நாளைக்கே அவன் சட்டி பானைய எறக்கணும்.

ம்? மாட்டறியா? மாட்டு, மாட்டு. டெஸ்ட் பண்ணிக்கோ. மெதுவா... ஆங். வருது. ஃபேனு வருது. ரோட்ல ஷேர் ஆட்டோ வருது. ஹலோ. ஹலோ...

யாரும்மா அது?

இல்ல, இப்ப ஹலோன்னானே ஒருத்தன். பின்னாடி ரூம்ல ஆளு கீதா? இரு. க்கும். க்கும்... ஏய்! வந்துட்டான்! டோல்கேட் வரைக்கும் வந்துட்டான் பாப்பா! டேய் வெள்ளத்துரை, வெளிய வாடா! கடைய எவன்டா பாத்துக்கறான்? பாத்தியா, பாத்தியா, நான் சொல்றதையே திருப்பி சொல்றான் பாரு!

இன்னா? இருமணுமா? நானா? க்கும். ம், கேட்டுச்சி, அவன்தான். நெஞ்சுல கைய வெச்சிகினா? ...க்கும்.

இன்னொரு தபாவா? க்கும்.

வாய மூடிகினு குந்தணுமா. சரி.

...

...ஒண்ணியும் இல்ல. ஃபேனு மட்டும் ஓடுது.

பேர சொல்லணுமா? பரசுரா... பர... பரசு...

இது யாரு கொரலும்மா?

இவ்ளோ பெரிசாவா கீது?

அப்ப அந்த எரும... அந்த டிவி... மீஞ்சூர்ல...

தண்ணி குடு கொஞ்சம். ம். முழுங்கறது கூட கேக்குது. கடக்கு கடக்குன்னு.

நான் கொண்டாந்த அந்த பெட்டிசன் பேப்பர இங்க தள்ளு. படிக்காத. வாணாம், தெரியும். இருவத்திமூணு பேரு. நானே போயி வாங்குனேன்மா. ஒவ்வொரு மாடியா. பேனா கூட என்னுது. வெள்ளத்துரை ரெண்டு தபா படிச்சிட்டு என்னிய ஒரு பார்வ பாத்தான் பாரு... பெரிய மனசுன்னான். பதினஞ்சு வருசம். இவ ஒருத்திதான் போடல. செவுருகூட இல்ல, எனுக்கும் அவளுக்கும் நடுவுல.

கிழிச்சிடவா? வாணாம். கிழிச்சா சத்தம் வரும்.

மணி இன்னா, மூணேகாலா? போவணும். போயி சொல்லணும், ஆளு ஆப்ட்டான், ஒரு மாசம் டைம் குடுங்கன்னு. மொதல்ல வெள்ளத்துரை வூட்டுக்குப் போயி கருவாடு மிச்சம் கீதான்னு கேக்கணும். மெதுவா கேக்கணும்.

பாப்பா, ஒரு வேல பண்ணு. இத்துல கொஞ்சம் கொறைக்க முடியுமா? பக்கத்து வூட்ட இல்லம்மா, அவங்க சத்தம் அப்டியே இருக்கட்டும். இவன். இவன மட்டும் கொஞ்சம் கொற.

மெஷின்ல ஆவாதா. வாய்லதான் கொறைக்கணுமா.

எப்டி, இப்டியா? "பட்டம்மா." இன்னும் சின்னதா? "...பட்டம்மா. வா, வூட்டுக்கு போலாம்."

திரும்புனா! பாத்தியா, கேட்டுச்சி அவளுக்கு! ...இன்னாம்மா, மறுபடியும் ரோட்ட பாத்துகினா?

நான்னு தெரியல அவளுக்கு. யாரோ வேற பட்டம்மாள கூப்டுறாங்கன்னு நெனச்சிகினா.