வில்மா காஸ்டோவின் வாயை அடைத்தவர்களுக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஆமோஸ் ஹாலிடே அவர்களே! கேட்ட மாத்திரத்தில் இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட தீயணைப்புப் படைத் தோழர்களே! தாயைப் பறிகொடுத்துவிட்டு என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகளே ரெனே! கடையை அடைத்துவிட்டு, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இந்தப் பனியிலும் வண்டியோட்டி வந்து, உட்கார நாற்காலி இல்லாமல் சுவரோரமாக நிற்கும், நம் மலை மாவட்டமான ப்ரையர் கவுண்டியின் மக்களே!

மூன்றாவது வரிசையில் கறுப்புக் கோட்டு அணிந்து அமர்ந்திருக்கும் மாநில செனட்டர் கிரேடி லோதர் அவர்களே! உங்களுக்கும் என் வணக்கம். வந்திருக்கும் மலர்வளையங்களில் உங்களுடையதுதான் பெரியது. அதை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறோம். இடம் இல்லாமல் அல்ல. இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று போதகரிடம் சொல்லி அனுப்பினீர்களாம். குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். பேச வேண்டிய காலத்தில் நீங்கள் பேசவில்லை. இன்று கேளுங்கள்.

என் பெயர் ஹோமர் ஸ்டால்நேக்கர். முகத்தைப் பார்த்து யார் என்று யோசிப்பவர்கள்கூடக் குரலைக் கேட்டால் கண்டுகொள்வீர்கள். கருத்துரையாளர் வில்மா காஸ்டோவோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக, காலைதோறும் உங்கள் வானொலியில் சண்டை போட்டவன் நான்தான். அவர் சுரங்கத் தொழிற்சங்கக்காரரின் மகள், ஜனநாயகக் கட்சி. நான் மரம் அறுக்கும் பட்டறைக்காரன், குடியரசுக் கட்சி. வரி என்றால் சண்டை, துப்பாக்கி என்றால் சண்டை, போர் என்றால் சண்டை. எந்த அதிபர் வந்தாலும் எங்களில் ஒருவருக்கு வயிறு எரியும், மற்றவர் அதில் எண்ணெய் ஊற்றுவார்.

"யோவ் ஹோமர், உனக்கு வாய் இருக்கிற நீளத்துக்குக் காதும் இருந்திருந்தா, நீ ஆளுநராவே ஆகியிருப்பய்யா" என்று ஒருநாள் சொன்னார். அதன்பின் ஒரு மாதம், மளிகைக் கடையில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் "வணக்கம் ஆளுநரே" என்றார்கள். அப்படிப்பட்ட நாக்கு அது!

அவர் எதிர்க்கட்சியை மட்டும்தான் அடித்தார் என்று யாராவது சொல்ல முடியுமா? அவருடைய சொந்தக் கட்சி வேட்பாளர் ஒருவர் பெரிய வண்டியில் வந்து இறங்கினார். மலைமக்களின் துயரம் தனக்குத் தெரியும் என்று நீட்டி முழக்கினார். வில்மா அவர் முன்னால் ஒரு கோப்பை தண்ணீரை வைத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கீழ்ச்சரிவில் இருக்கும் வீடுகளின் குழாயில் பிடித்த கலங்கல் தண்ணீர். "துயரம் தெரியும்னீங்களே, ஒரு வாய் குடிங்க தம்பி" என்றார். அந்த மனிதர் குடிக்கவில்லை. வானொலியில் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் நம் ஆட்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஆறு பொங்கி ஊருக்குள் வந்த வெள்ளத்தை மறப்பீர்களா? அன்று அரசியல் பேசவில்லை அவர். ஒலிவாங்கியை விட்டு எழவும் இல்லை. தொலைபேசியில் யார் எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொன்னார். "மில் தெருவுல ஹட்சின்ஸ் குடும்பம் கூரை மேல இருக்கு. படகு வச்சிருக்கிறவங்க அந்தப் பக்கம் போங்கப்பா." அந்தக் கூரையிலிருந்து இறங்கியவர்கள் இதோ இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். வில்மா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அன்று யாராவது கேட்டீர்களா?

நிகழ்ச்சி முடிந்து காப்பி குடிக்கும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்று உண்டு. "வாஷிங்டன்ல நடக்கிறது மழை மாதிரி ஹோமர். திட்டலாம், நிறுத்த முடியாது. ஆனா இந்தக் கவுண்டி நம்ம கூரை. ஒழுகினா நாமதான் மேல ஏறணும்." நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் கத்திக்கொண்டிருக்கிறார்களே, மழையைப் பார்த்துக் கத்துகிறார்கள். கூரையில் ஏறியவர் வில்மா காஸ்டோ!

இப்போது கூரை ஒழுகிய கதைக்கு வருகிறேன். செனட்டர் அவர்களே, வாசல் பக்கம் பார்க்காதீர்கள். இது உங்கள் கதை.

நம் தாத்தாக்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துக் கட்டிய மருத்துவமனை நம்முடையது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் அதை விற்க முடியாது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைத் திருத்தியவர் யார்? கிரேடி லோதர். வாங்கியவன் யார்? இந்த மலையை வரைபடத்தில்கூடப் பார்த்திராத வெளிமாநிலக் கம்பெனி. முதலில் பிரசவப் பிரிவை மூடினான். நம் பெண்கள் வலியோடு மலையைத் தாண்டினார்கள். அடுத்தது அவசரச் சிகிச்சைப் பிரிவு என்று செய்தி கசிந்தது.

அன்று காலை நானும் வில்மாவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். என்னைப் பார்த்து, "இதுக்கு என்ன சாக்கு வச்சிருக்க, சொல்லு" என்றார். சாக்கு எதுவும் இல்லை, கிரேடி லோதர் என் கட்சிக்காரர், அவர் செய்தது துரோகம் என்றேன். வில்மா ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு ஒலிவாங்கி பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க ஜனங்களே, ஹோமரும் நானும் ஒத்துப்போயிட்டோம். அப்ப விஷயம் எவ்வளவு மோசம்னு நீங்களே..." அவ்வளவுதான். அந்த வாக்கியம் முடியவில்லை. பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய மேலாளர் கர்ட்டிஸ் நின்றிருந்தார். செனட்டரின் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே அழைப்பு வந்திருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாத்தான் விளம்பரம் வரும். ஒத்துப்போனா எவன் கேப்பான்?"

மக்களே, இதுதான் இன்றைய அமெரிக்க அரசியல்! நாங்கள் ஒருவர் குரல்வளையை ஒருவர் கடித்த வரையில் காப்பி கொடுத்தார்கள், கைதட்டினார்கள், சாலையோரப் பலகையில் எங்கள் படத்தைப் போட்டார்கள். இருவரும் ஒரே திருடனை நோக்கி விரலை நீட்டிய அன்றோடு நிகழ்ச்சியையே நிறுத்தி வாயை அடைத்தார்கள். சண்டை அவர்களுடைய சரக்கு. ஒற்றுமைக்குத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள்.

வில்மா வீட்டில் முடங்கினாரா? என் பட்டறை லாரியின் பின்தட்டில் ஒலிபெருக்கியைக் கட்டச் சொன்னார். சனிக்கிழமைதோறும் மளிகைக் கடை வாகன நிறுத்தத்தில், எழுபத்து மூன்று வயதில், முட்டிவலியோடு ஏறி நின்றார். நீங்கள் தக்காளிப் பையோடு நின்று கேட்டீர்கள். ரெனே அத்தனையையும் கைப்பேசியில் பதிவு செய்தார். செனட்டர் என்ன செய்தார்? கட்சி விருந்தில் எழுந்து நின்று, கிழவி சும்மா பூச்சாண்டி காட்டுகிறாள், ஒரு மணி நேரத்தில் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் போய்விடலாம் என்றார். விருந்தில் சிரித்தார்கள். நானும் அந்த விருந்தில் இருந்தேன். எழுந்து வெளியே வந்தேன். இலையுதிர் காலம் முடிவதற்குள் அவசரச் சிகிச்சைப் பிரிவின் கதவில் சங்கிலி தொங்கியது.

சென்ற வாரம் ஒரு நாள் காலையில், அடுப்பில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தபோது வில்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் உடனே வந்தது. இந்தத் தீயணைப்புக் கூடத்தின் பிள்ளைகள்தான் ஓட்டினார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. பழைய மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் போனார்கள். வில்மாவின் வீட்டிலிருந்து அது கூப்பிடு தூரம். மலைப்பாதையில் பனி. கொண்டை ஊசி வளைவில் ஒரு பாரவண்டி குறுக்கே சரிந்து கிடந்தது. பின்னாலும் போக முடியவில்லை, முன்னாலும் போக முடியவில்லை.

ரெனே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மலை ஏறிட்டமா?" என்று வில்மா கேட்டார். ஏறிவிட்டோம் அம்மா என்றார் மகள். "அப்ப இன்னும் பாதிகூட வரலையே" என்றார் வில்மா காஸ்டோ. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

செனட்டர் அவர்களே! நீங்கள் சொன்ன அந்த ஒரு மணி நேரம் அந்த வளைவில் கழிந்தது. முதலில் வானொலியில் அவர் வாயை அடைத்தீர்கள், பிறகு மலையில் மூச்சையும் அடைத்தீர்கள். இன்று மலர்வளையத்தோடு வந்திருக்கிறீர்கள்.

இந்த மலைகளில் பழிவாங்குவதைப் பற்றி வெளியூரார் ஆயிரம் கதை சொல்வார்கள். துப்பாக்கி என்பார்கள், மறைந்திருந்து சுடுவது என்பார்கள். எனக்கும் பழி வேண்டும். மறைக்க மாட்டேன். போதகர் மன்னிப்பைப் பற்றி அழகாகப் பேசினார். நான் அதற்கு இன்னும் வந்து சேரவில்லை, ஐயா. ஆனால் கிரேடி லோதரின் உடம்பில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. அவர் நல்ல உடல்நலத்தோடு, நல்ல செவிப்புலனோடு இருக்க வேண்டும். தேர்தல் முடிவை வாசிக்கும்போது, ஒவ்வொரு வாக்குச்சாவடியாக, அவருடைய சொந்தத் தெருவின் சாவடி உட்பட, அவர் முழுதாகக் கேட்க வேண்டும். செத்தவனுக்குத் தோல்வி உறைக்காது. இவருக்கு உறைக்க வேண்டும்!

அதற்காக இன்று காலை இங்கே வருமுன் ஒரு வேலை செய்தேன். மாநில செனட்டுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், கிரேடி லோதரை எதிர்த்து, என் பெயரைப் பதிந்திருக்கிறேன். உட்காருங்கள், செனட்டர். இன்னும் இருக்கிறது. இந்தத் தொகுதியில் மே மாதத்தில் நம் கட்சிக்குள் வெல்பவன்தான் நவம்பரிலும் வெல்வான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புத்தாண்டு முதல் அந்த வானொலியில் உங்கள் விளம்பரம் ஓடுகிறது. ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்த நிலையம், எதிர்த்து நிற்பவனுக்கும் அதே அளவு நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். வேட்பாளர் பேசுவதில் ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது. இது நாட்டின் சட்டம். கர்ட்டிஸிடம் நேற்றே சொல்லிவிட்டேன். உடனே நேரப் பட்டியலை எடுத்துப் புரட்டினார். திங்கட்கிழமை காலை, எங்கள் பழைய நேரத்தில், நான் என் பெயரைச் சொல்வேன், உங்கள் பெயரைச் சொல்வேன். அதன் பிறகு வில்மா காஸ்டோவின் குரல் வரும். லாரியின் மேல் நின்று பேசிய அந்தக் குரல். உங்கள் காரில் வரும், உங்கள் முடிதிருத்தகத்தில் வரும், நீங்கள் முட்டை சாப்பிடும் கடையில் வரும். இந்த முறை பாட்டுப் போட ஆளில்லை!

ஆனால் மக்களே, குரல் மட்டும் போதாது. கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் கட்சிக்காரர்கள்தான் வாக்களிக்க முடியும். வில்மாவை நேசித்தவர்களில் பாதிப் பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். உங்களிடம் நான் கேட்பது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கட்சி, அவருடைய அப்பாவின் கட்சி. கேட்க நாக்கு கூசியது. ரெனே என் கூச்சத்தைப் போக்கினார். நான் பெயர் பதியப் போனபோது, அவர் எனக்கு முன்பே அந்த அலுவலகத்தில் நின்றிருந்தார். வாக்காளர் பட்டியலில் தன் கட்சியைக் குடியரசுக் கட்சி என்று மாற்றிவிட்டு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"அம்மா இருந்திருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பா ஹோமர் மாமா" என்றார். "கொன்னுட்டு, நேரா வந்து அவளும் மாத்தியிருப்பா."

வில்மா காஸ்டோ அமைதியாக உறங்கட்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது அமைதியாக இருந்தவரா அவர்? அவர் விட்ட இடத்திலிருந்து பேசுவேன். வென்றால் அந்தச் சட்டத்தைக் கிழிப்பேன். தோற்றால் மறுபடி நிற்பேன். அந்தக் கதவின் சங்கிலி அறுபடும்வரை கிரேடி லோதருக்கு இந்தக் கவுண்டியில் ஒரு காலையும் நிம்மதியாக விடியாது. இது உறுதி.

பின்கட்டில் அவரைக்காய் அவித்து வைத்திருக்கிறார்கள், சோளரொட்டி அடுப்பில் இருக்கிறது. அது ஆறாது, பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். கட்சியை மாற்றிக்கொள்ளும் வாக்காளர் பதிவு அலுவலகம் எதிர்த்தெருவில்தான், மாலைவரை திறந்திருக்கும். ரெனே முன்னால் நடக்கட்டும். கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே குளிர். போய்விட்டு வந்து சாப்பிடுவோம்.