கண்களை மூடி ஜெபிப்போம்

மாலை ஆறே முக்கால். பழைய குற்றாலத்திலிருந்து ஆயிரப்பேரி போகிற ரோடு. சாரல் விழுந்துகொண்டிருந்தது... ஆள் நடமாட்டம் இல்லை. பைக்கில் ஜஸ்டின் மட்டும்.

இதைச் சொன்னது ஜாய். சீசனுக்கு வந்த சபை வாலிபர் கூட்டம், லாட்ஜில் கரண்ட் போய், ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றிப் போர்வைக்குள் முடங்கிக் கிடந்தது. ஜஸ்டின் அவளுடைய சொந்த அண்ணன், சபையில் உபதேசியார். இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். சாப்பிட்டதும் அடுத்த அறையில் போய்ப் படுத்துவிட்டான்.

"எங்கிட்ட மட்டும் சொன்னது. காதுல விழுந்தா கோவப்படுவான். மெதுவாச் சொல்லுதேன்," என்று ஆரம்பித்தாள்.

அப்போது ஜஸ்டினுக்கு ஊழியம் இந்தக் குற்றாலம் பக்கம்தான். அவன் போகாத சாவு வீடு கிடையாது. சாவுக்குப் பயப்படாதீர்கள், அது பரலோகத்தின் வாசல் என்று அவன் பேச ஆரம்பித்தால் ஒப்பாரிகூட நின்றுவிடும். ஆனால் ஜஸ்டினுக்குச் சாவென்றால் பயம். சின்னப் பயம் இல்லை, குலைநடுங்குகிற பயம். இத்தனை வருஷத்தில் ஒரு பிணத்தின் முகத்தையும் அவன் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்ததுமே, "கண்களை மூடி ஜெபிப்போம்" என்பான். எல்லாரும் மூடிக்கொள்வார்கள். அவனும் மூடிக்கொள்வான். என்ன பக்தி என்று ஊரே மெச்சியது. நல்ல வசதிதான்!

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது சுகந்தி. அவள் அப்பா பலவேசம், அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஜஸ்டின் பேச்சைக் கேட்டுத்தான் போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தார். இப்போது ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அறைக்குள் எண்ணெய் வாடை. கட்டிலில் கிடந்தவர் ஜஸ்டினின் மணிக்கட்டைப் பிடித்தார். ஊர் உடம்பையெல்லாம் பிடித்துவிட்ட கை... இறுக்கியது.

"ஐயா, பயமா இருக்கு. கண்ண மூடாதீய. என்னையப் பாத்துக்கிட்டே ஜெபம் பண்ணுங்க."

பார்த்திருக்கலாம். அந்த மனுஷன் வேறென்ன கேட்டார்? ஜஸ்டினால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினான். கொர்... கொர்... என்று இழுத்துக்கொண்டிருந்த மூச்சு நடுவில் நின்றது. பிடி தளர்ந்தது. விரல்கள் ஜில்லிட்டன.

போய்விட்டார்!

ஜெபத்தைப் பாதியில் விட்டான். ஆமென்கூடச் சொல்லவில்லை. கட்டில் பக்கம் திரும்பாமலே வெளியே வந்தான். அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த சுகந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பைக்கை எடுத்தான்.

அப்படி வந்த ரோடுதான் அது. வளைவு தாண்டியதும் பைக்கின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. சாரலையும் மீறி எண்ணெய் வாடை... பிறகு, காதுக்குப் பின்னால், கொர்... கொர்...

பிரேக் பிடித்தான். இன்ஜின் அணைந்தது. அந்தச் சத்தம் அணையவில்லை. மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"ஐயா... ஒரே ஒரு தடவ. திரும்பிப் பாருங்க."

ஜஸ்டின் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஆண்டவர் பெயர்கூட வாயில் வரவில்லை. ஊருக்குச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தான் நம்பவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. எவ்வளவு நேரமோ... பஸ் ஹாரன் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது யாரும் இல்லை. மணிக்கட்டில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு.

மறுநாள் அடக்கம். சுகந்தி அழுதுகொண்டே வாசலுக்கு வந்தாள்.

"ஏன் ஐயா அப்படிப் போனீய? அப்பா இருந்தாவளே! மூச்சு நின்னு நின்னுதான் வந்துது. ஐயா இன்னும் ஆமென் சொல்லல, வருவாவன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. ஆறே முக்காலுக்குத்தான் போனாவ. எத்தன தடவ தடவி விட்டும் கண்ணு மூடல, தொறந்துக்கிடுது."

உயிரோடு இருந்தவரை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். ஜஸ்டின் நேரே பெட்டியருகே போனான்.

"கண்களை மூடி ஜெபிப்போம்."

எல்லாரும் மூடினார்கள். அவன் மூடவில்லை. பலவேசத்தின் திறந்த கண்களைப் பார்த்துக்கொண்டே பாதியில் விட்ட ஜெபத்தைச் சொல்லி முடித்தான். ஆமென் என்றதும்... அந்த இமைகள் தாமாக, மெல்ல இறங்கி மூடிக்கொண்டன. பார்த்தது அவன் ஒருவன்தான்.

ஜாய் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"அவரு கண்ணு மூடிட்டு. அண்ணன் கண்ணுதான்... அன்னையிலருந்து மூட மாட்டேங்குது. தூங்கும்போதும்."

"ஏட்டி, சும்மா கத விடாத," என்றான் தேவா.

"அடுத்த ரூம்லதானலே கெடக்கான். போய்ப் பாரு."

தேவா சிரித்துக்கொண்டே எழுந்தான். செல்போன் வெளிச்சத்தில் போய் அடுத்த அறைக் கதவை லேசாகத் தள்ளினான். உள்ளேயிருந்து குறட்டை வந்தது. கொர்... கொர்...

"தூங்குதாரா?" என்று கேட்டாள் சத்யபிரியா.

தேவா நகரவில்லை. குறட்டையும் நிற்கவில்லை.

"என்னையத்தான் பாக்காரு," என்றான்.