ஓட்டை இல்லாத நிரூபணங்கள்

எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது, மச்சான். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள், நியாயம்தான். உள்ளே அவள் தூங்கட்டும். நடந்ததை நானே சொல்கிறேன்.

முதுகலைக் கணிதத்தில் மெய்ப் பகுப்பாய்வு என்று ஒரு பாடம். நானும் அவளும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். ஒருமுறை தேறாமல் போனதால் எனக்கு அது இரண்டாம் தடவை. அங்கே விடை கண்டால் மட்டும் போதாது, ஏன் அது விடை என்று வரிக்கு வரி நிரூபிக்க வேண்டும். ஒரு வரி சறுக்கினால் மொத்தமும் போச்சு. அதனால் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்து ஓட்டை தேடச் சொல்வார்கள். அவள் என்னிடம் கொடுப்பாள்.

அவளுடைய நிரூபணத்தைப் பார்த்தால் பேராசிரியர் "சுத்தமா இருக்கும்மா" என்பார். என்னுடையது என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பக்கத்து மேசைக்காரன் ஒருநாள், "உங்களுக்கென்னங்க, சோத்தையும் போட்டுப் பாடத்தையும் சொல்லித்தர வீட்டுலயே வாத்தியாரம்மா இருக்காங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அவள் எழுதியதில் முதல் தடவை நான் வேண்டுமென்று தப்புச் சொல்லவில்லை.

"லிமிட்டை இன்டெக்ரலுக்குள்ள கொண்டுபோயிட்டியே, யாரைக் கேட்டு?" என்றேன்.

"மேலயே காரணம் எழுதியிருக்கேனே. எல்லா ஃபங்ஷனும் இந்த ஒண்ணுக்குள்ள அடங்கிடுது. இதோட இன்டெக்ரலுக்கு முடிவும் இருக்கு. அப்புறம் என்ன?"

"அது இங்க செல்லாது."

"செல்லாதா?" தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கிழித்துப் போட்டாள்.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் எழுதியது சரி. சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வந்து என் தோளில் சாய்ந்து, "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆவேன்" என்றாள். அந்த நேரத்தில் எந்தப் புருஷன் வாயைத் திறப்பான்?

பிறகு பழகிவிட்டது. சரியான வரியாகப் பார்த்துத்தான் விரல் வைப்பேன். தவறான வரியை அவளே கண்டுபிடித்துவிடுவாள், அதில் எனக்கு வேலையில்லை. கத்தியதில்லை, திட்டியதில்லை. "இன்னொரு தடவ யோசிம்மா", அவ்வளவுதான். சாப்பிடாமல் யோசிப்பாள். நான் ஊட்டிவிடுவேன்.

தேர்வில் எல்லாக் கேள்விக்கும் எழுதி, எல்லாவற்றையும் குறுக்கே அடித்துவிட்டு வந்தாள். பேராசிரியர் என்னைத் தனியே அழைத்தார். "அடிச்சது அத்தனையும் சரிப்பா. அடிச்சதையே விடையா எடுத்துக்கணும்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், மார்க் போட்டுடறேன். நாளைக்குக் கூட்டிட்டு வா."

வீட்டுக்கு வந்து, "ஒண்ணுகூடத் தேறலையாம்" என்று அவளிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உப்புப் போட்டுவிட்டு, போட்டோமா என்கிறாள். நான் சலிக்காமல் எழுந்து போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மறைக்கிற ஆள் இல்லை நான். வேண்டுமானால் அவளை எழுப்பி, வருகிறாயா என்று கேளுங்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பவளை நான் எப்படி மச்சான் விட்டுவிட முடியும்?